பத்து மார்க் துரை

வில்லியம் லூயிஸ் வினான்ஸ் என்று ஓர் அமெரிக்கப் பணக்காரர் இருந்தார். இங்கிலாந்து என்றாலே அவருக்கு வேப்பங்காய். அந்த வேப்பங்காயைக் கடித்துக்கொண்டே அதே இங்கிலாந்தில் 37 வருஷம் குடியிருந்தார். உடம்புக்கு முடியவில்லை, டாக்டர் சொன்னார், பிரைட்டன் கடற்கரையில் வீடு எடுத்துத் தங்கிவிட்டார். சுருட்டு வடிவத்தில் கப்பல்கள் கட்டி, வெள்ளைக்காரனின் கடல் வாணிபத்தை அமெரிக்காவுக்கு இழுத்துக்கொண்டு போவது அவருடைய வாழ்நாள் கனவு. கனவோடு 1897இல் போய்ச் சேர்ந்தார். கண்ணை மூடியதும் வரி கேட்டது அரசாங்கம். ஆசாமியின் டொமிசைல், அதாவது சட்டத்தின் கண்ணில் அவருடைய நிரந்தர வீடு, எந்த நாடு? வழக்கு அன்றைய உச்சக் கோர்ட்டான பிரபுக்கள் சபை வரை போனது. 1904இல் தீர்ப்பு: 37 வருஷம் இருந்தால் என்ன, மனசு இங்கே இல்லையே!

இந்தத் துரையை எனக்கு ரொம்ப நெருக்கமாகத் தெரியும். என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் தெரியாது. துரையின் கப்பல் என்ன வடிவம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். காரணம், அவர் பத்து மார்க்.

சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு விருப்பப் பாடமாக ப்ரைவேட் இன்டர்நேஷனல் லா எடுத்தேன். 'எடுத்தேன்' என்பது மரியாதைக்குச் சொல்வது. விரும்பிய பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. இதற்கும் இல்லை. ஆனால் இதற்கு நோட்ஸ் இருந்தது. வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில், ஸ்பைரல் போட்டு 120 ரூபாய். எந்தப் புண்ணியவான் எந்த வருஷம் எழுதியதோ. 31ஆம் பக்கத்தில் ஒரு டீக்கறை. அசல் பிரதியில் யாரோ கிளாஸை வைத்திருக்கிறார்கள். எல்லாப் பிரதியிலும் அதே கறை, கறுப்பு வட்டமாக, சரியாக 'டொமிசைல்' என்ற சொல்லின் மேல். எங்களுக்கு முன்னால் எத்தனை பேட்ச் அந்த வட்டத்துக்குள் எட்டிப் பார்த்து வக்கீல் ஆனதோ தெரியாது.

பாடத்தைக் குறை சொல்ல மாட்டேன். தங்கமான பாடம். மூன்றே கேள்விதான். நாடு தாண்டிய தகராறை எந்த ஊர்க் கோர்ட் விசாரிக்கும்? எந்த ஊர்ச் சட்டப்படி விசாரிக்கும்? அங்கே கொடுத்த தீர்ப்பு இங்கே செல்லுமா? மாப்பிள்ளை டெக்சாஸில், பெண் தஞ்சாவூரில், நகை மாமியார் லாக்கரில். தெருவுக்குத் தெரு துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆள் அனுப்பிய மாநிலம் இது. இங்கே மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் அந்த மூன்று கேள்வி வரும். ஆகவே, நம் வருங்கால வக்கீல்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? ஜார்ஜ் போவியைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள்.

போவி, கிளாஸ்கோக்காரர். 37 வயதில் இனி வேலைக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தார். சாகும்வரை கொள்கை மாறவில்லை. 1892இல் லிவர்பூலில் இருந்த உடன்பிறந்தவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். 1927இல் சாகிற வரை எழுந்திருக்கவில்லை. பெற்ற தாய் செத்தபோதுகூட ஊருக்குப் போகவில்லை. இவர் எந்த ஊர்க்காரர்? ஸ்காட்லாந்துதான் என்றது பிரபுக்கள் சபை, 1930இல். லிவர்பூலில் அவரை இருத்தியது ஊர்ப்பாசம் இல்லையாம். வேறென்ன, ஓசிச் சோறுதான். நம் ஊர்த் திண்ணைகளில் இப்படி நாலு போவி கிடைப்பார்கள். அவர்கள் விஷயம் லண்டன் வரை போகாததால் சிலபஸில் சேரவில்லை.

சிரித்தது போதும். அடுத்த வழக்குக்கு வருகிறேன்.

'பிலிப்ஸ் எதிர் ஐர், 1870. வெளிநாட்டில் செய்த தீங்குக்கு இங்கிலாந்தில் வழக்குப் போட வேண்டுமானால், அது இங்கிலாந்துச் சட்டப்படியும் தீங்காக இருக்க வேண்டும். நடந்த இடத்துச் சட்டம் அதை நியாயப்படுத்தியும் இருக்கக் கூடாது.' ஐந்து மார்க். பிலிப்ஸ் யார்? ஐர் யார்? என்ன தீங்கு? நோட்ஸில் இல்லை. கெஸ்ட் லெக்சரராக வந்தவரிடம் கேட்டேன். "அதெல்லாம் ஃபேக்ட்ஸுப்பா, ஃபேக்ட்ஸுக்கு மார்க் கிடையாது" என்றார். நல்ல மனிதர். அவருக்கும் அந்தப் பக்கம் டீக்கறைதான்.

நானே தேடிப் படித்தேன். எட்வர்ட் ஜான் ஐர், ஜமைக்காவின் கவர்னர். 1865 அக்டோபரில் மொராண்ட் பே என்ற ஊரில் கறுப்பின ஏழைகள் கிளர்ந்தெழுந்தார்கள். கவர்னர் ராணுவச் சட்டம் போட்டார். 439 பேர் செத்தார்கள். 600 பேருக்குக் கசையடி. 1,000 வீடுகள் சாம்பல். இது எதிர்க்கட்சிக் கணக்கு இல்லை. பிரிட்டிஷ் அரசே அனுப்பிய விசாரணைக் குழுவின் கணக்கு. பிறகு ஜமைக்காவில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: கலகத்தை அடக்க நல்லெண்ணத்தோடு செய்ததெல்லாம் செல்லும், யாரும் வழக்குப் போடக் கூடாது. அந்தச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர் யார்? கவர்னர் ஐர். தன்னைப் பிடித்து அடைத்து அடித்தார்கள் என்று பிலிப்ஸ் லண்டனுக்கு வந்து வழக்குப் போட்டார். கோர்ட் கையை விரித்தது. நடந்த இடத்துச் சட்டமே மன்னித்துவிட்டதே, நாங்கள் என்ன செய்ய?

அடிக்கச் சொன்னவனே தன் மன்னிப்பிலும் கையெழுத்துப் போட்டான். அதை ஒரு விதியாக்கிப் பாடப் புத்தகத்தில் ஏற்றினார்கள். 1995இல் அவதூறு வழக்கு ஒன்றைத் தவிர மற்றதிலிருந்தெல்லாம் இங்கிலாந்தே அந்த விதியைத் தூக்கிக் கடாசிவிட்டது. நாம் விடுவோமா? அவன் கடாசியதைக் குனிந்து பொறுக்கி, தூசி தட்டி, ஐந்து மார்க் போட்டு வைத்திருக்கிறோம். ஜாலியன்வாலா பாக் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய வழக்கை, ஜாலியன்வாலா பாக் நடந்த நாட்டின் மாணவன் ஒரு வார்த்தை தெரியாமல் மனப்பாடம் செய்கிறான். சவுக்கு யார் முதுகில் விழுந்தது என்று தெரியாமலே பாஸாகிறான்.

இன்னொன்று. 'இந்த வழக்குக்கு வேறு நாட்டுக் கோர்ட்டுதான் பொருத்தம், அங்கே போ' என்று அனுப்பிவைக்கும் ஒரு கோட்பாடு உண்டு. ஃபோரம் நான் கன்வீனியன்ஸ். இதற்கு நோட்ஸில் இரண்டு முழுப் பக்கம் 'ஸ்பிலியாடா' வழக்கு, 1986. வான்கூவரில் ஈரக் கந்தகத்தை ஏற்றியதில் கப்பலின் இரும்பு அரித்துப்போனதாம். கந்தகம் எங்கே போய்க்கொண்டிருந்தது தெரியுமா? இந்தியாவுக்கு. அந்த அளவுக்கு இந்தியா பாடத்தில் இருக்கிறது. இறக்குமதித் துறைமுகமாக.

அதே 1986இல், அதே கோட்பாட்டின் பேரில் நியூயார்க்கில் ஒரு வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள். நோட்ஸில் அதற்கு ஒரு வரி. 'போபால் வழக்கையும் காண்க.'

கண்டேன். கண்டதைச் சொல்கிறேன். 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் ஓர் ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இந்திய அரசே பாதிக்கப்பட்டவர்களின் சார்பில், அந்த ஆலையின் அமெரிக்கத் தாய்க் கம்பெனியான யூனியன் கார்பைடு மேல் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. அங்கே இந்திய அரசு என்ன வாதாடியது? எங்கள் நாட்டுக் கோர்ட்டுகள் இதற்கு லாயக்கில்லை, தாமதம், சட்டம் வளரவில்லை, நீங்களே விசாரியுங்கள். கார்பைடு என்ன வாதாடியது? இந்தியக் கோர்ட்டுகள் அருமையானவை, திறமையானவை, அங்கேயே அனுப்புங்கள். கம்பெனி தரப்புக்கு ஆதரவாக உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தவர்களில் நம் புகழ்பெற்ற வக்கீல் நானி பல்கிவாலாவும் ஒருவர். தன் கோர்ட்டைத் தானே திட்டும் அரசாங்கம், அந்தக் கோர்ட்டை மெச்சி உச்சிமோந்த கம்பெனி. இப்படி ஒரு காட்சி உலகத்தில் எங்காவது உண்டா?

நீதிபதி கீனன் 1986 மே மாதம் கம்பெனி பக்கம் சாய்ந்தார். இந்தியாவிடமிருந்து இந்த வழக்கைப் பிடுங்கிக்கொண்டால் அது ஏகாதிபத்தியம் ஆகிவிடுமாம். அமெரிக்க நீதிபதிக்கு நம் சுயமரியாதை மேல் அவ்வளவு அக்கறை. சரி, வழக்கு வந்தது. அரசு கேட்டது 330 கோடி டாலர். 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்குக் கை குலுக்கினார்கள். போதவில்லை என்று 21 வருஷம் கழித்து அரசுக்கு ஞானம் வந்து, இன்னும் 7,800 கோடி ரூபாய்க்கும் மேல் கேட்டு மனுப் போட்டது. 2023 மார்ச்சில் அதையும் தள்ளுபடி செய்தார்கள். கப்பலின் இரும்பு அரித்த கதை இரண்டு பக்கம். நுரையீரல் அரித்த கதை ஒரு வரி. மார்க் எங்கே இருக்கிறதோ அங்கேதானே மாணவன் போவான்.

படித்து முடித்து கோட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் வந்தது வினான்ஸ் இல்லை. ஓர் அம்மாவும் மகளும்.

மகள் பேசவில்லை. அம்மா கைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதங்களை எடுத்தார். கணவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பி.டி.எஃப்பை பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கோர்ட்டின் விவாகரத்துத் தீர்ப்பு. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அதில் அவனோடு இருந்தது 23 நாள். மீதி நாளெல்லாம் விசா வரும் என்று காத்திருந்தது. அம்மா ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டினார். "தம்பி, இதுல இவ பேரு தப்பா அடிச்சிருக்கு பாருங்க. அப்ப இது செல்லாதுல்ல?"

அவ்வளவு பெரிய நம்பிக்கையை ஒரு எழுத்துப் பிழை மேல் வைத்திருந்தார். நான் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவை எடுத்தேன். வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லும், ஆறு விதிவிலக்கு தவிர. அதிகாரமில்லாத கோர்ட், மோசடி, இவள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு என்று ஆறு கதவு. ஏதாவது ஒரு கதவு திறக்கும். திறப்பதற்கு வழக்குப் போட வேண்டும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஆறு வாரம் தங்கினால் டைவர்ஸ் கேட்கலாம். நம் ஃபேமிலி கோர்ட்டில் ஆறு வாரத்தில் ஒரு வாய்தா வரும்.

அவனுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டுமே. அவன் அனுப்பிய மாதிரி வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவதா? கூடாது. ஹேக் ஒப்பந்தப்படி முறையாகப் போக வேண்டும். அமெரிக்காவில் அந்த வேலையை ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறார்கள். கட்டணம் டாலரில். அவன் தீர்ப்பு இங்கே வர நெட் பேக் போதும். இவள் நோட்டீஸ் அங்கே போக டாலர் வேண்டும்.

வகுப்பில் இன்னொரு விதி படித்தோம். கணவனின் டொமிசைல்தான் மனைவியின் டொமிசைல். 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் இன்னும் அப்படியே இருக்கிறது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அந்தப் பகுதி பொருந்தாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் நோட்ஸ் எல்லாருக்கும் பொருத்திவிடும். இங்கிலாந்தில் 1973லேயே இந்தக் கூத்தை ஒழித்துவிட்டார்கள். நோட்ஸ்படி பார்த்தால், தாலி ஏறிய நிமிஷத்தில் இந்தப் பெண்ணின் டொமிசைல் அமெரிக்காவுக்குப் போய்விட்டது. அவளுக்குத்தான் விசா கிடைக்கவில்லை.

இதெல்லாம் டெல்லிக்குத் தெரியாதா? தெரியும். தேதிவாரியாகத் தெரியும். 1974இல் ஜலந்தர் பெண் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. கணவன் அமெரிக்கா போய், அதே நெவாடாவில் விவாகரத்து வாங்கியவன். செல்லாது என்றது கோர்ட். நாடாளுமன்றம் இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்றும் சொன்னது. 1976இல் சட்ட ஆணையம் 65ஆவது அறிக்கை கொடுத்தது. சட்டம் வரவில்லை. 1991இல் இன்னொரு பெண், இந்த முறை மிசௌரி மாநிலம். திருப்பதியில் தாலி, அங்கே தீர்ப்பு. செல்லாது என்று கோர்ட் மறுபடியும் சொன்னது. 2009இல் சட்ட ஆணையத்தின் 219ஆவது அறிக்கை. 2019இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா. 30 நாளில் திருமணப் பதிவு, தவறினால் பாஸ்போர்ட்டில் கை வைக்கலாம், சம்மனை இணையதளத்தில் போட்டால் போதும். படிக்கவே இனித்தது. நிலைக்குழுவுக்கு அனுப்பினார்கள். 2024 பிப்ரவரியில் 287ஆவது அறிக்கை, விரிவான சட்டம் வேண்டும் என்று. 65இல் தொடங்கி 287க்கு வந்திருக்கிறோம். வளர்ச்சி இல்லை என்று யார் சொன்னது?

பிள்ளைகள் விஷயம் இதைவிட மோசம். பெற்றோரில் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாடு மாறினால் என்ன செய்வது என்று 1980இல் ஒரு ஹேக் ஒப்பந்தம் வந்தது. இந்தியா சேரலாம் என்றது 2009இல் சட்ட ஆணையத்தின் ஓர் அறிக்கை. 2016இல் இன்னோர் அறிக்கை, மசோதாவோடு. இன்னும் சேரவில்லை. சேராததற்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அடி தாங்காமல் குழந்தையோடு ஓடிவரும் தாயை அந்த ஒப்பந்தம் கடத்தல்காரியாக்கிவிடும் என்ற பயம் உண்மையான பயம். அப்படியானால் 'சேர மாட்டோம், எங்கள் சட்டம் இது' என்று ஒன்றை எழுதிவைக்க வேண்டாமா? அதுவும் இல்லை. 2015இல் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்றின் வழக்கில் குழந்தைகள் இங்கிலாந்துக்குப் போகட்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2017இல் வேறு வழக்கில், அந்த வழி சரியில்லை என்றது அதே உச்ச நீதிமன்றம். குழந்தை எந்த வருஷம் நாடு மாறியது என்பதைப் பொறுத்து அதன் தலையெழுத்து.

கையெழுத்துப் போடத் தெரியாத அரசா? அப்படியும் சொல்ல முடியாது. சான்றிதழ்கள் எல்லை தாண்ட வேண்டுமா, 2005இல் அப்போஸ்டில் ஒப்பந்தம் ரெடி. பணம் எல்லை தாண்ட வேண்டுமா, அதுவும் ரெடி. ஐக்கிய அரபு அமீரகத்தோடு 1999இல் போட்ட ஒப்பந்தத்தை 20 வருஷம் பரணில் வைத்திருந்து, 2020 ஜனவரியில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின் கீழ் அறிவிக்கை வெளியிட்டார்கள். துபாய் கோர்ட்டின் பணத் தீர்ப்பை இனி நம் மாவட்டக் கோர்ட்டிலேயே, உள்ளூர்த் தீர்ப்பு மாதிரி நிறைவேற்றலாம். அங்கே கடன் வாங்கித் திரும்பி வந்தவனின் ராமநாதபுரத்து வீட்டு வாசலுக்கு வங்கி வரலாம். ரொம்ப நியாயம். அதே துபாயில் எட்டு மாதச் சம்பள பாக்கியோடு விமானம் ஏற்றிவிடப்பட்ட கொத்தனார்? அவரும் தீர்ப்பு வாங்கி வந்தால் நிறைவேற்றலாம், யார் தடுத்தது? தீர்ப்பு வாங்க அங்கே இருக்க வேண்டும். விசாதான் ரத்தாகிவிட்டதே.

ஒருமுறை இந்தப் பாடத்தில் ஒரு நாள் பன்னாட்டுக் கருத்தரங்கு என்று அழைப்பு வந்தது. கட்டுரைக் கட்டணம் 1,500 ரூபாய். குத்துவிளக்கு, பொன்னாடை, பொன்னாடை, பொன்னாடை. ஜூமில் ஓர் அயல்நாட்டுப் பேராசிரியர் பத்து நிமிஷம் தெரிந்தார், அதில் நாலு நிமிஷம் மியூட்டில். அதோடு கருத்தரங்கு பன்னாட்டு ஆகிவிட்டது. சாப்பாட்டுக்கு அப்புறம் ஓர் அறையில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் கட்டுரை வாசித்தார்கள், நேரமில்லையாம். ஒருவர் வாசித்தது வினான்ஸ். துரையின் சுருட்டுக் கப்பல் மதியம் மூன்று மணிக்கு எங்கள் தூக்கத்தின் மேல் மிதந்து போனது. எழுந்து அந்த அம்மாவின் கதையைச் சொன்னேன். தலைமை வகித்தவர் நெற்றியைச் சுருக்கினார். "நல்ல கேள்வி. ஆனா அது ஃபேமிலி லா செஷன்ல வரும்."

போன மாதம் என்னிடம் ஒரு ஜூனியர் சேர்ந்தாள். கெட்டிக்காரப் பெண். ப்ரைவேட் இன்டர்நேஷனல் லாவில் 82 மார்க்காம். சந்தோஷப்பட்டு அம்மா - மகள் கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அந்த வழக்கு இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது. எழுத்து வாதத்துக்கு ஒரு வரைவு எழுது என்றேன். அரை மணி நேரம் படித்தாள். பிறகு பையிலிருந்து ஸ்பைரல் போட்ட ஒன்றை எடுத்துப் பிரித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சார், இதுல வினான்ஸ் கேஸை சைட் பண்ணலாமா?"

31ஆம் பக்கம். அதே டீக்கறை. ஜெராக்ஸுக்கு மேல் ஜெராக்ஸ் எடுத்து வட்டம் முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. அடியில் இருந்த சொல் இப்போது தெரியவே இல்லை.